பேர் சொல்லாத வீடு

முதலியார்பேட்டை பக்கிரியின் மனைவி தில்லையம்மாள் ஐந்தாம் வகுப்பு வரைக்கும் படித்தவள். ஆறாம் வகுப்புக்குப் போக வேண்டிய வருஷம் அவள் அம்மாவுக்கு இன்னொரு பிள்ளை பிறந்தது. தொட்டில் ஆட்ட ஆள் வேண்டும் என்று வீட்டோடு நிறுத்திக்கொண்டார்கள். ஆனாலும் படித்த எழுத்தை அவள் கைவிடவில்லை. கேலண்டர் தாளின் பின்பக்கம், மளிகை கட்டி வந்த காகிதம், அம்மன் பாட்டுப் புத்தகம், தெருவில் யார் வீட்டுக் கல்யாணப் பத்திரிகை என்று எது கிடைத்தாலும் வரிக்குக் கீழே விரலை ஓட்டி, உதடு அசைய அசைய, கடைசி எழுத்து வரைக்கும் பார்த்துவிட்டுத்தான் கீழே வைப்பாள்.

எண்பத்திரண்டாம் வருஷம் ஆனி மாதம் அவள் மகள் வசந்தா, தையல் கிளாசில் கூடப் படிக்கிற பெண்ணிடமிருந்து ஒரு புத்தகம் வாங்கி வந்தாள். கடையில் விற்கிற புத்தகம் இல்லை. வாரப் பத்திரிகையில் தொடர்கதையாக வந்ததை வாரா வாரம் கிழித்துச் சேர்த்து பைண்டு பண்ணி வைத்தது. முதல் தாள் போய்விட்டதால் கதைக்கு என்ன பெயர், எழுதியவர் யார் என்று தெரியாது. ஒவ்வொரு அத்தியாயத்துக்குப் பின்னாலும் தலைவலித் தைல விளம்பரமோ, பாதி வெட்டுப்பட்ட ராசிபலனோ இருக்கும்.

"பேய்க் கதைம்மா. நீ தொடாத. அப்புறம் கொல்லப் பக்கம் போறதுக்கு என்னத் துணைக்குக் கூப்பிடுவ" என்றாள் வசந்தா.

"அம்மனுக்குப் பூ கட்டிக் குடுக்கிறவள பேய் இன்னாடி பண்ணும்? குடு இப்பிடி."

தில்லையம்மாளுக்கு அப்போது நாற்பத்தெட்டு வயது. அந்த ஆனி மாதம் அவள் மனசு நிறைந்திருந்தது. வசந்தாவுக்கு இருபத்தேழு முடிந்தும் செவ்வாய் தோஷம் என்று வந்த இடமெல்லாம் தட்டிப்போய்க் கொண்டிருந்தது. காபி குடித்துவிட்டுப் போனவர்கள் போனவர்கள்தான். அந்தச் சமயத்தில்தான் பக்கிரியின் அக்கா வீட்டுக்காரர் தெய்வசிகாமணி ரெட்டியார்பாளையத்திலிருந்து ஒரு இடம் கொண்டுவந்தார். மாப்பிள்ளை ஜானகிராமன். முதல் சம்சாரம் தவறிப்போய் ஒன்றரை வருஷம். பிள்ளை குட்டி இல்லை. அப்பா சைகோன் போய்வந்த சொல்தா. பிரெஞ்சுப் பட்டாளத்தில் இருந்துவிட்டு வந்து விழுப்புரம் ரோட்டை ஒட்டி மாடி வைத்துக் கட்டிய வீடு. அவரும் இப்போது இல்லை. தாயும் பிள்ளையும் மட்டும்.

"செவ்வா தோஷத்துக்கு ரெண்டாந்தாரமாப் போனா தோஷம் நிவர்த்தி. நகை நட்டு ஒண்ணும் வேணாங்கிறாங்க. பொண்ணு வந்தா போதுமாம். இத விட்டா வேற இடம் இல்ல தங்கச்சி" என்றார் தெய்வசிகாமணி.

"மொத சம்சாரம் எப்பிடிண்ணே தவறிச்சு?"

"காய்ச்சல். அஞ்சலாட்சின்னு பேரு. நல்ல பொண்ணுதான். விதி."

வைகாசியில் ஒரு நாள் போய் வீட்டைப் பார்த்துவிட்டு வந்தார்கள். தரையில் முகம் தெரிந்தது. சன்னலுக்கெல்லாம் பச்சைப் பெயிண்டு அடித்த மரப் பலகைக் கதவுகள். ஜானகிராமனின் அம்மா செல்வாம்பாள் வாசல் வரைக்கும் வந்து கையைப் பிடித்து அழைத்துப்போனாள். தில்லையம்மாள் திரும்பி வந்து கோயிலில் தேங்காய் உடைத்தாள். ஆவணியில் கல்யாணம் என்று பேச்சு.

அந்தச் சந்தோஷத்தில்தான் அவள் அந்தப் பேய்க் கதையைக் கையில் எடுத்தாள். பக்கிரி மில்லில் பகல் ஷிப்டுக்குப் போய்விடுவான். வசந்தா தையல் கிளாசுக்குப் போய்விடுவாள். மத்தியானம் சமையல் ஒழிந்து, கதம்பம் கட்டி வாழையிலையில் சுற்றி வைத்துவிட்டு, சன்னலோரம் கால் நீட்டி உட்கார்ந்து படிப்பாள். மில்லில் நாலு மணிச் சங்கு ஊதினால் மூடி வைத்துவிடுவாள். ஒரு மத்தியானத்துக்கு ஒரு அத்தியாயம்தான். அதற்கு மேல் அவள் கண்ணும் ஓடாது.

மலைமேல் ஒரு பங்களா. இருபத்திரண்டு அறை. எஸ்டேட் துரை மாதிரி ஒருவன், மனைவி செத்தவன். தாய் தகப்பன் இல்லாத ஒரு பெண்ணை இரண்டாந்தாரமாகக் கட்டிக்கொண்டு வருகிறான். வாசலில் மாமியார் சாவிக் கொத்தோடு நிற்கிறாள். மாடியில் ஒரு அறை பூட்டிக் கிடக்கிறது. ராத்திரியானால் மேலே யாரோ நடக்கிறார்கள். மல்லிகைப் பூ வாசனை வருகிறது. தானாக வீணை கேட்கிறது.

முதல் நாலு அத்தியாயம் படித்துவிட்டு அவள் மகளிடம் குறைப்பட்டுக்கொண்டாள்.

"இருபத்திரெண்டு ரூம் கட்டியிருக்கான். எந்த ரூம்லயாவது ஒரு சாமி படம் இருக்குதா? சாயங்காலம் ஆச்சு, சாயங்காலம் ஆச்சுன்னு எழுதுறாரு, ஒருத்தியும் வெளக்கு ஏத்தல. அப்புறம் பேய் வராம?"

"அத சொன்னா கதையே இல்லியேம்மா" என்று வசந்தா சிரித்தாள்.

"மேல நடக்கிறா நடக்கிறான்னு எல்லாரும் பயப்படுறாங்க. எனக்குப் பயமா இல்லடி. பாவமா இருக்குது. அவ வாழ்ந்த வூடு, அவ நடக்கிறா. யாராவது ஒருத்தர் 'வாம்மா, இன்னா வோணும் ஒனக்கு'ன்னு கேட்டாங்களா?"

மெய்தான். பேய் வருகிற இடங்களை அவள் கடகடவென்று படித்துப் போய்விட்டாள். அவளைப் பயமுறுத்தியது வேறு இடம். அந்த மாமியார் இருக்கிறாளே, அவள் ஒரு சுடுசொல் சொல்லமாட்டாள். 'சாப்பிட்டாயா குழந்தாய், தூங்கினாயா குழந்தாய்' என்று கேட்டுக்கொண்டே இருப்பாள். அவளைப் பற்றி வரும்போதெல்லாம் கதை எழுதியவர் 'புன்னகைத்தாள்' என்று எழுதியிருந்தார். அந்த வார்த்தை வரும்போதெல்லாம் தில்லையம்மாளின் விரல் நின்றுவிடும். பன்னிரண்டாம் அத்தியாயம் முடிக்கும்போது இன்னொன்றும் தெரிந்தது. செத்துப்போன முதல் மனைவியைப் பற்றித்தான் பங்களாவில் எல்லாரும் பேசுகிறார்கள், ஆனால் ஒருத்தரும் அவள் பெயரைச் சொல்லவில்லை. 'அவள்' என்கிறார்கள், 'போனவள்' என்கிறார்கள். எழுதியவர் மறந்துவிட்டாரோ என்று தில்லையம்மாள் முன்பக்கங்களைப் புரட்டிப் பார்த்தாள். இல்லை. வேண்டுமென்றே மறைத்திருக்கிறார்.

"செத்தவ பேர வாயில எடுக்காத வூடு நல்ல வூடு இல்ல" என்று தனக்குள் சொல்லிக்கொண்டாள். சொன்னதும் அவளுக்குத் திக்கென்றது.

ரெட்டியார்பாளையத்து வீட்டுக் கூடம் அவள் கண்முன் வந்தது. சுவரில் சைகோன் சொல்தா மெடல் குத்திக்கொண்டு நிற்கிற படம், மாலை போட்டு. பக்கத்தில் அவர் தாயார் படம், பொட்டு வைத்து. அதற்கும் அந்தப்பக்கம் சின்ன வயசில் செத்த ஒரு பிள்ளையின் படம். வீட்டில் செத்தவர்கள் எல்லாரும் அந்தச் சுவரில் வரிசையாக இருந்தார்கள். ஒன்றரை வருஷத்துக்கு முன்னால் செத்த மருமகளின் படம் மட்டும் இல்லை. அன்றைக்கு அதை அவள் கவனிக்கவே இல்லை. செல்வாம்பாள் பேசிய பேச்சையும் நினைத்துப் பார்த்தாள். 'முன்னாடி இருந்தவ' என்றுதான் சொன்னாள், இரண்டு தடவை. சிரித்துக்கொண்டே சொன்னாள்.

அன்றைக்குச் சங்கு ஊதியதுகூட அவள் காதில் ஏறவில்லை. பக்கிரி வந்து கதவைத் தட்டிய பிறகுதான் எழுந்தாள்.

சோறு போடும்போது மெல்லச் சொன்னாள். பக்கிரிக்குச் சிரிப்பு பொத்துக்கொண்டு வந்தது.

"படம் மாட்டலன்னா பேயி கீதா? ரெண்டாங் கல்யாணம் பண்ணப் போற வூட்டுல மொதப் பொண்டாட்டி படத்த மாட்டி வச்சா வர்றவ இன்னா நெனப்பா? அதான் எடுத்து வச்சிருப்பாங்க. வசந்தா, அந்தப் பொஸ்தகத்தக் கொண்டுபோய்க் குடுத்துட்டு வந்துரும்மா மொதல்ல. ஒங்கம்மா கெட்டுப்போறா."

அதுவும் நியாயமாகத்தான் பட்டது தில்லையம்மாளுக்கு. ஒரு கதையைப் படித்துவிட்டு முன்பின் தெரியாத பொம்பளை மேல் பழி நினைக்கலாமா? வெள்ளிக்கிழமை கோயிலில் கன்னத்தில் போட்டுக்கொண்டாள். 'தாயே, கெட்ட புத்தி வராம காப்பாத்து' என்று வேண்டிக்கொண்டாள். ஆனால் திரும்பி வருகிற வழியில் அவளுக்கு ஒரு யோசனை வந்தது. கெட்ட யோசனை இல்லை, நல்ல யோசனை.

அந்தப் பக்கத்துக் குடும்பங்களில் ஒரு வழக்கம் உண்டு. தாலியோடு, பூவோடு செத்துப்போன பெண்ணைப் பூவாடைக்காரி என்பார்கள். வீட்டில் ஒரு கல்யாணம் என்றால் முதலில் அவளை நீர்க்கரையிலிருந்து பேர் சொல்லி அழைத்து, கலசத்தில் வேப்பிலை வைத்துக் கொண்டுவந்து, மஞ்சள் நனைத்த புதுப்புடவை வைத்துப் படைப்பார்கள். அவள் மனசு குளிர்ந்தால்தான் புதுசாக வருகிறவள் நன்றாக இருப்பாள். ஆனால் தானாக உயிரை விட்டவளை மட்டும் அப்படி அழைக்கமாட்டார்கள்.

"அண்ணே, அஞ்சலாட்சிக்கு ஒரு பொடவ நாங்களே எடுத்துத் தர்றோம். கல்யாணத்துக்கு முந்தி பூவாடைக்காரி படையல் வச்சிரட்டும். எம்மனசு சமாதானமாயிரும்" என்று தெய்வசிகாமணியிடம் சொல்லி அனுப்பினாள்.

மூன்றாம் நாள் அவர் பதிலோடு வந்தார்.

"அதெல்லாம் அவங்களுக்குத் தெரியாமலா இருக்கும்? படையல் உண்டாம். செல்வாம்பாளோட மாமியாரு பூவாடைக்காரியாம், வருஷா வருஷம் படைக்கிறாங்களாம். கல்யாணத்துக்கும் படைப்பாங்களாம். அவங்க ஒருத்தருக்குத்தான். அந்தப் பொடவையெல்லாம் வேணாம், எங்க வூட்டுல வேற பூவாடைக்காரி யாரும் இல்லன்னுட்டாங்க."

தில்லையம்மாள் கையில் இருந்த பூவை முறத்தில் வைத்துவிட்டாள்.

"வேற யாரும் இல்லன்னு சொன்னாங்களா? அவங்க வாயாலயா?"

"அவங்க வாயாலதான். சிரிச்சிக்கிட்டே சொன்னாங்க."

"அண்ணே, காய்ச்சல்ல போனவ பூவாடைக்காரிதானே? தாலியோடதானே போனா?"

தெய்வசிகாமணி அப்போதுதான் யோசித்தார். யோசித்துவிட்டு, யோசித்தது பிடிக்காதவர் மாதிரி எழுந்து துண்டை உதறிப் போட்டுக்கொண்டார். "பொம்பளைங்க சமாச்சாரம் எனக்கின்னா தெரியும்? ஞாயித்துக்கெழம மத்தியானம் கை நனைக்க வரச் சொல்லியிருக்காங்க. போறோம், வர்றோம். குட்டையக் குழப்பாத தங்கச்சி. இருபத்தேழு வயசுப் பொண்ண வச்சிக்கிட்டு."

மாப்பிள்ளை வீட்டில் பெண் வீட்டார் முதல்முதலாக இலையில் உட்கார்ந்து சோற்றில் கை வைப்பதைத்தான் கை நனைப்பது என்பார்கள். அதுவரைக்கும் எத்தனை தடவை போனாலும் தண்ணீரோடு நிறுத்திக்கொள்வார்கள். கை நனைத்தாகிவிட்டால் பேச்சு முடிந்தது. அதற்குப் பிறகு இல்லை என்றால் அது பெரிய அவமானம். அந்தப் பெண்ணுக்கு அப்புறம் வேறு எந்த இடமும் வராது.

அந்த நாலு நாளும் தில்லையம்மாள் புத்தகத்தைத் தொடவில்லை. ஆனால் மகள் முகத்தைப் பார்த்தாள். வசந்தா தானே வெட்டித் தானே தைத்த ரவிக்கைகளை ஒன்றன்மேல் ஒன்றாக அடுக்கி வைத்திருந்தாள். பாடிக்கொண்டே ஊசியில் நூல் கோத்தாள். எத்தனையோ வருஷம் கழித்து அந்தப் பெண் பாடுகிறது. இதைக் கெடுக்க எனக்கு என்ன உரிமை என்று தில்லையம்மாள் தூணில் சாய்ந்து நின்றாள்.

ஞாயிற்றுக்கிழமை பக்கிரி, தில்லையம்மாள், தெய்வசிகாமணி மூன்று பேரும் பஸ்ஸில் போனார்கள். நல்ல வெயில். அந்த வெயிலிலும் வீட்டின் பச்சைச் சன்னல்கள் எல்லாம் அடைத்தே இருந்தன. உள்ளே போனதும் கண் இருட்டிக்கொண்டு வந்தது. செல்வாம்பாள் வெள்ளைப் புடவையில் கூடத்து நடுவே நின்றாள்.

"வாங்க சம்மந்தி. பஸ்ஸுல கூட்டமா? பாவம், வேத்துப் போயிருக்கீங்க. வசந்தா சௌக்கியமா? நல்லாத் தூங்குறாளா? கல்யாணம் வர்றப்போ பொண்ணுங்க தூங்காதுங்க. தூங்கச் சொல்லுங்க."

ஜானகிராமன் நாற்காலியில் உட்கார்ந்திருந்தான். முப்பத்தைந்து வயது ஆள். வாங்க என்று எழுந்தான். எழுந்துவிட்டு அம்மா முகத்தைப் பார்த்தான். பக்கிரி, "இன்னா மாப்ள, வேலையெல்லாம் எப்பிடி?" என்று கேட்டதற்கும் அம்மா முகத்தைப் பார்த்துவிட்டுத்தான், "நல்லாப் போவுதுங்க" என்றான்.

இலை போட இன்னும் நேரம் இருந்தது. கால் கழுவிக்கொண்டு வருகிறேன் என்று தில்லையம்மாள் கொல்லைப் பக்கம் போனாள். கிணற்றடியில் பாத்திரம் தேய்க்கிற பச்சையம்மாள் உட்கார்ந்து அண்டா தேய்த்துக்கொண்டிருந்தாள். தில்லையம்மாள் காலில் தண்ணீர் ஊற்றிக்கொண்டே கேட்டாள்.

"நீ இங்க எத்தினி வருஷமா வேல செய்யிற?"

"ஆறு வருஷம்மா."

"அஞ்சலாட்சி இருந்தப்பவும் நீதானா?"

பச்சையம்மாளின் கை அண்டாவிலேயே நின்றுவிட்டது. அந்தப் பேரைக் கேட்டு எத்தனை நாள் ஆனதோ. நிமிர்ந்து பார்க்காமல் சமையல்கட்டுப் பக்கம் ஒரு பார்வை பார்த்தாள்.

"காய்ச்சல்ல போச்சாமே" என்றாள் தில்லையம்மாள்.

"எந்தக் காய்ச்சலு? எந்தக் காய்ச்சலும் இல்ல. பொறந்த வூட்டுக்குப் போறேன்னுச்சு. அதுலேர்ந்து ரூம்தான். சோத்துத் தட்ட கதவுகிட்ட வச்சிட்டுத் தட்டிட்டு வந்துருவேன். மாமியாரம்மா வந்து தொறந்து உள்ள தள்ளுவாங்க. கடசி ரெண்டு நாளு தட்டு அப்பிடியே இருந்துது." சாம்பலை அள்ளி மறுபடி தேய்க்க ஆரம்பித்தாள். "நான் சொன்னேன்னு சொல்லிராதீங்கம்மா. எனக்குப் புள்ளைங்க கீது."

"எந்த ரூம்?"

பச்சையம்மாள் மோவாயால் காட்டினாள். கொல்லை வராந்தாவில் கடைசிக் கதவு.

தில்லையம்மாள் அந்தக் கதவு வரைக்கும் போய் நின்றாள். அடுத்தவர் வீட்டில் கேட்காமல் கதவைத் திறக்கிறவள் இல்லை அவள். 'தாயே' என்று சொல்லிக்கொண்டு தள்ளினாள். கதவு சத்தம் போடாமல் திறந்தது; கீலில் எண்ணெய் விட்டிருந்தார்கள். உள்ளே புதுச் சுண்ணாம்பு வாசனை. கட்டிலில் மடிப்புக் கலையாத வெள்ளை விரிப்பு. வசந்தாவுக்கென்று தயாராக்கி வைத்திருக்கிறார்கள். சன்னல் பலகைக்கு உள்பக்கமாக இரண்டு கட்டைகளைக் குறுக்கே அடித்து, அதன்மேலும் பெயிண்டு பூசியிருந்தது. கதவை அரைவாசி சாத்திப் பார்த்தாள். வெளிப்பக்கம் பெரிய தாழ்ப்பாள். உள்பக்கம் ஒன்றும் இல்லை. தாழ்ப்பாள் இருந்த இடத்தில் நாலு ஆணித் துளை. துளைக்குள்ளும் பச்சைப் பெயிண்டு இறங்கியிருந்தது. அதற்குக் கீழே, பெயிண்டுக்கு அடியில், மரம் சுரண்டினாற்போல் பள்ளம் பள்ளமாக இருந்தது. அவள் விரல் வைத்துப் பார்த்தாள். விரல் நுனி அந்தப் பள்ளத்தில் சரியாக உட்கார்ந்தது.

அங்கே மல்லிகை வாசனை வரவில்லை. மேலே யாரும் நடக்கவில்லை. கூடத்திலிருந்து செல்வாம்பாள் குரல்தான் வந்தது.

"சம்மந்தி, எலை போட்டாச்சு. வாங்க."

தலைவாழை இலை நாலு போட்டிருந்தது. பக்கிரியும் தெய்வசிகாமணியும் ஜானகிராமனும் ஏற்கனவே உட்கார்ந்திருந்தார்கள். சோறு, பருப்பு, வடை, பாயசம் எல்லாம் வைத்தாகிவிட்டது. செல்வாம்பாள் நெய்க் கிண்ணத்தோடு நின்றாள். தில்லையம்மாள் தன் இலைக்கு முன்னால் உட்கார்ந்தாள். இன்றைக்கு விரதம் என்று சொல்லிவிடலாமா என்று ஒரு நொடி நினைத்தாள். ஆனால் அம்மன் பேரில் பொய் சொல்லி அவளுக்குப் பழக்கமில்லை. தவிர விரதம் என்றால் இன்னொரு ஞாயிற்றுக்கிழமை வரச் சொல்வார்கள். பக்கிரி இலையில் தண்ணீர் தெளித்துவிட்டுக் கையைச் சோற்றுக்குக் கொண்டுபோனான். அவள் அவன் மணிக்கட்டைப் பிடித்தாள். கல்யாணமாகி முப்பது வருஷத்தில் நாலு பேர் முன்னால் அவள் அவனைத் தொட்டதில்லை. பக்கிரி திகைத்துப்போய்ப் பார்த்தான்.

"இன்னா சம்மந்தி? உப்பு கொறச்சலா இருக்குமோன்னு பயமா?" செல்வாம்பாள் சிரித்தாள்.

"நாங்க கை நனைக்கலைங்க."

"ஏன்?"

"ஒரு எலை கொறையுதுங்க. அஞ்சலாட்சிக்குப் போடலையே."

ஜானகிராமன் தலையைக் குனிந்துகொண்டான். அவன் கை இலையின் ஓரத்தைப் பிடித்துக் கிழித்துக்கொண்டிருந்தது. செல்வாம்பாள் முகத்தில் சிரிப்பு அப்படியே இருந்தது. கண் மட்டும் மாறிவிட்டது.

"யாரு சொன்னா ஒங்களுக்கு அந்தப் பேர?"

"பொண்ணு குடுக்க வந்தவங்களுக்கு முன்னாடி வாழ்ந்தவ பேரு தெரியாம இருக்குமாங்க?" தில்லையம்மாள் எழுந்து நின்றாள். "எம்பொண்ணுக்கு நீங்க ரெடி பண்ண ரூமப் பாத்தேன். நாங்க வர்றோம்."

பஸ் ஸ்டாப்பு வரைக்கும் தெய்வசிகாமணி திட்டிக்கொண்டே வந்தார். "போட்ட எலைய விட்டு எந்திரிச்சு வந்தவன் எந்த ஊர்லயாவது உண்டா? எம்மூஞ்சியில சாணியக் கரைச்சு ஊத்திட்டியே. இனிமே ஒம்பொண்ணுக்கு எவன் வருவான்? கதப் பொஸ்தகத்துலேர்ந்து வருவானா?" பக்கிரி முன்னால் நடந்தான். பஸ்ஸில் உட்கார்ந்த பிறகு கேட்டான்.

"இன்னா பாத்த?"

அவள் தாழ்ப்பாளைச் சொன்னாள். நாலு துளையைச் சொன்னாள். சுரண்டின பள்ளத்தைச் சொன்னாள். பச்சையம்மாளைப் பற்றிச் சொல்லவில்லை.

"பழைய கதவா இருக்கும். தாப்பா ஒடைஞ்சிருக்கும்" என்றான் பக்கிரி. நெல்லித்தோப்பு வரைக்கும் சன்னல் வழியாக வெளியே பார்த்துக்கொண்டு வந்தான். பிறகு தானாகவே, "ஒடைஞ்சா வேற போடுவான். ஓட்டையோட பெயிண்டு அடிக்க மாட்டான்" என்று மெதுவாகச் சொன்னான்.

வீட்டில் வசந்தா வாசலிலேயே நின்றிருந்தாள். "சாப்ட்டீங்களா?" என்றுதான் கேட்டாள். அந்தக் கேள்விக்கு அன்றைக்கு என்ன அர்த்தம் என்று மூன்று பேருக்கும் தெரியும்.

"இல்லம்மா" என்றாள் தில்லையம்மாள்.

வசந்தா அப்பாவைப் பார்த்தாள். அவன் கால் கழுவப் போய்விட்டான். தில்லையம்மாள் நடந்ததைச் சொன்னாள். முழுக்கக் கேட்டுவிட்டு அந்தப் பெண் சொன்னது ஒன்றுதான். "ஒரு ஓட்டையப் பாத்துட்டு வந்தியாம்மா? இனிமே எனக்கு எந்த வூடு?" அடுக்கி வைத்த ரவிக்கைகள் பெட்டிக்குள் போயின. ஆடி மாதம் முழுக்க வசந்தா அம்மாவிடம் கேட்டதற்கு மட்டும் பதில் சொன்னாள். கடைசி வெள்ளி வீராம்பட்டினம் தேருக்கு வருஷா வருஷம் அம்மாவும் பெண்ணும் சேர்ந்துதான் போவார்கள். அந்த வருஷம் தில்லையம்மாள் தனியாகப் போனாள். கதைப் புத்தகம் முடியாமலே திருப்பிக் கொடுக்கப்பட்டது. பங்களாவில் அந்தப் பெண் பிழைத்தாளா என்று அவள் யாரையும் கேட்கவும் இல்லை.

ஆவணி இரண்டாம் வாரம் தெய்வசிகாமணி வந்தார். உட்காரவில்லை.

"கேட்டியா தங்கச்சி? ஜானகிராமனுக்குக் கல்யாணம் ஆயிடுச்சு. திருக்கோயிலூரு தாண்டி ஏதோ கிராமமாம். அப்பன் இல்லாத பொண்ணு. மாமன்காரன் கொண்டாந்து வுட்டுட்டுப் போயிட்டானாம். நீ வுட்டுட்டு வந்த எலையில யாரோ புண்ணியவதி சாப்டுறா."

அவர் போன பிறகு தில்லையம்மாள் வெகுநேரம் அடுப்பைப் பார்த்துக்கொண்டு இருந்தாள். அவள் மகளைக் காப்பாற்றியாகிவிட்டது. அதற்காகத்தான் அம்மனுக்கு விளக்குப் போட்டாள். ஆனால் அந்தக் கட்டிலில், அந்த மடிப்புக் கலையாத வெள்ளை விரிப்பில் இப்போது ஒருத்தி இருக்கிறாள். மூன்று நாள் சோறு இறங்கவில்லை.

நாலாம் நாள் காலையில் புடவை மாற்றிக்கொண்டு, ஒரு சீப்பு வாழைப்பழமும் முழம் பூவும் பையில் போட்டுக்கொண்டு கிளம்பினாள். தையல் மெஷினில் உட்கார்ந்திருந்த வசந்தா நிமிர்ந்து பார்த்தாள். எங்கே என்று கேட்கவில்லை. எழுந்து வந்து, தான் தைத்து வைத்த ரவிக்கைகளில் ஒன்றை எடுத்து அம்மாவின் பைக்குள் போட்டுவிட்டு, மறுபடி போய் மெஷினில் உட்கார்ந்துகொண்டாள்.

ரெட்டியார்பாளையத்தில் இறங்கும்போது மணி பதினொன்று. பச்சைச் சன்னல்கள் அடைத்திருந்தன. கதவைத் தட்டினாள். கொஞ்ச நேரம் கழித்துச் செல்வாம்பாள் பாதிக் கதவைத் திறந்தாள். தில்லையம்மாளைப் பார்த்ததும் சிரித்தாள்.

"அடடே, வாங்க. இன்னா இவ்ளோ தூரம்?"

"ஒங்க மருமவளப் பாத்துட்டுப் போலாம்னு வந்தேங்க. பூ வச்சி விடலாம்னு."

"அதுக்கின்னா. ஆனா அவ தூங்குறா. இன்னொரு நாளு வாங்களேன்."

தில்லையம்மாள் அண்ணாந்து சூரியனைப் பார்த்தாள். உச்சிக்கு வந்துகொண்டிருந்தது. பிறகு வாசல்படியில் முந்தானையால் தூசியைத் தட்டிவிட்டு உட்கார்ந்தாள். பையை மடியில் வைத்துக்கொண்டாள்.

"பரவால்லங்க. நல்லாத் தூங்கட்டும். எந்திரிச்சு வர்ற வரைக்கும் நான் இங்கதான் இருக்கேன்."